அன்றைய அறிவியல் புனைகதை அச்சத்தை மட்டும் எழுதவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கை நுண்ணறிவு பற்றித் தங்கள் இதழில் வெளிவரும் தொடரின் சென்ற பகுதியில், 1950களிலும் 60களிலும் வந்த அறிவியல் புனைகதைகள் மனிதனை எதிர்த்துக் கிளம்பும் எந்திரங்களையும் பறக்கும் தட்டுகளையும் தாண்டவில்லை என்றும், உணர்வு என்பது என்ன என்ற கேள்வி நம் காலத்தில்தான் எழுந்தது என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். அக்காலத்து மலிவுப் பதிப்புகளின் அட்டைப்படங்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். உள்ளே இருந்தவை எல்லாம் அப்படிப்பட்டவை அல்ல என்பதை ஒரு நாவலை முன்வைத்துச் சொல்ல விரும்புகிறேன்.

கேம்பிரிட்ஜ் வானியலாளர் ஃபிரெட் ஹாயில் 1957இல் எழுதி வெளியிட்ட ‘தி பிளாக் கிளவுட்’ தான் அந்த நாவல். விண்மீன்களுக்குள் தனிமங்கள் உருவாகும் விதத்தை விளக்கி, அவர் வேறு மூவரோடு சேர்ந்து எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக்கட்டுரையும் அதே ஆண்டில்தான் வெளிவந்தது. நாவலில் ஒரு பெரும் வாயு மேகம் சூரியனை நெருங்கி, ஒளியை மறைத்து, பூமியில் பேரழிவை உண்டாக்குகிறது. அதற்குக் கெட்ட நோக்கம் எதுவுமில்லை. சூரியனிடமிருந்து ஆற்றல் பெற வந்த அதற்கு, இந்தச் சிறிய கோளில் சிந்திக்கத் தெரிந்த உயிர்கள் இருக்கக்கூடும் என்றே தோன்றவில்லை.

அந்த மேகத்துக்கு அறிவு உண்டு என்பதை விஞ்ஞானிகள் கண்டுகொள்ளும் இடத்தைத்தான் கட்டுரையாளர் அவசியம் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் உள்ள ஒரு பழைய மாளிகையிலிருந்து அவர்கள் வானொலி அலைகளைப் பரப்பத் தொடங்கியதும், வளிமண்டலத்தின் மேலடுக்குகளில் அயனியாக்கம், அதாவது காற்றின் அணுக்கள் மின்னூட்டம் பெறுவது, உயர்ந்து சமிக்ஞையைத் தடுத்துவிடுகிறது. நிறுத்தினால் அது தணிகிறது. அலைநீளத்தை மாற்றிப் பார்த்தாலும் சிறிது நேரத்தில் அதுவும் அடைபட்டுப் போகிறது. இது மேகம் அறிந்தே செய்வதா, தற்செயல் என்று ஒதுக்கிவிடலாமா என்று விவாதம் நடக்கும்போது, முடிவு தெரிந்த பிறகு காரணம் பொருத்திக் காட்டுவது அறிவியல் ஆகாது, அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிக் காட்ட வேண்டும் என்று ரஷ்ய விஞ்ஞானி அலெக்ஸாண்ட்ரோவ் வற்புறுத்துகிறார். முகமும் குரலும் உடலும் இல்லாத ஒன்றுக்கு மனம் உண்டா என்பதை இவ்வளவு நேர்மையாக ஆராய்ந்து பார்க்கும் காட்சி அந்தக் காலத்துக் கதைகளில் மிக அரிது. நம் காலத்துக் கதைகளிலும் நான் அதிகம் கண்டதில்லை.

பிறகு மேகம் ஆங்கிலம் கற்று உரையாடுகிறது. ஈர்ப்பு விசை மூளையின் அளவைக் கட்டுப்படுத்திவிடும் ஒரு கோளின் தரையில் அறிவு முளைத்திருப்பதுதான் அதற்கு வியப்பாக இருக்கிறது. பீத்தோவன் பியானோவுக்காக இயற்றிய ‘ஹாமர்கிளாவியர்’ சொனாட்டா என்னும் இசைப்படைப்பை வாசித்துக் காட்டும்போது, முதற்பகுதியை 30 சதவீதம் விரைவாக்கி மறுபடியும் தரும்படி அது கேட்கிறது. பீத்தோவன் தாமே குறித்துவைத்த வேகம், கலைஞர்கள் பெரும்பாலும் வாசிக்கும் வேகத்தைவிட மிக அதிகம் என்பது இசை அறிந்தவர்களுக்குத் தெரியும். அந்த ஒரு வேண்டுகோளை வைத்து, மேகம் இசையை உணர்ந்தது என்பதா, கணக்கிட்டது என்பதா? ஹாயில் தீர்ப்பு எழுதவில்லை.

இந்தக் கேள்வி அவர் காற்றிலிருந்து பிடித்ததும் அன்று. மான்செஸ்டரின் மூளை அறுவை மருத்துவர் ஜெஃப்ரி ஜெஃபர்சன் 1949இல் ஆற்றிய உரையில், தானே உணர்ந்த எண்ணங்களாலும் உணர்ச்சிகளாலும் ஓர் எந்திரம் கவிதை எழுதாதவரை அதை மூளைக்கு இணையாக ஏற்க முடியாது என்றார். அப்படியானால் ஒருவர் சிந்திக்கிறார் என்று உறுதியாக அறிய அவராகவே மாறினால்தான் உண்டு, நடைமுறையில் நாம் ஒருவருக்கொருவர் மரியாதைக்காக மனம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறோம் என்று கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங் 1950இல் ‘மைண்ட்’ என்னும் தத்துவ இதழில் பதிலளித்தார். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த வாதம் ஓயவில்லை.

ஹாயில் அந்த இசைக் காட்சியோடு நிறுத்தியிருந்தால்கூட நாவல் சிறந்ததாகவே இருந்திருக்கும். அவர் மேலும் செல்கிறார். மேகத்தின் அறிவை நேரடியாகப் பெற்றுக்கொள்ள முன்வரும் கிங்ஸ்லி என்னும் முதன்மை விஞ்ஞானி இறந்துபோகிறார். அவர் மூளையில் ஏற்கெனவே வேரூன்றிவிட்ட கருத்துகளும் புதிதாக நுழைபவையும் மோதிக்கொண்டதே காரணம். மொழி பொதுவாகிவிட்டது; புரிதல் மட்டும் கைகூடவில்லை. இதை எந்திரக் கலகக் கதையோடு ஒரே வரிசையில் வைப்பது அநியாயம்.

போலந்து எழுத்தாளர் ஸ்டனிஸ்லாவ் லெம் 1961இல் வெளியிட்ட ‘சொலாரிஸ்’ இதற்கு நேரெதிர் வழியில் போகிறது. அங்கே ஒரு கோளையே மூடியிருக்கும் கடல் சிந்திக்கிறது. தலைமுறை தலைமுறையாக அதைப் பற்றி நூல்கள் குவிகின்றன, அதில் எழும் வடிவங்களுக்குப் பெயரிட்டு வகைப்படுத்துகிறார்கள், ஒரு பதிலும் கிடைப்பதில்லை. அதே 1961இல் ஹாயிலும் ஜான் எலியட்டும் பிபிசிக்காக எழுதிய ‘ஏ ஃபார் ஆண்ட்ரோமெடா’ தொடரில், விண்வெளியிலிருந்து வரும் வானொலிச் செய்தி ஒரு கணினியின் வரைபடமாக இருக்கிறது. அதைக் கட்டியவர்களுக்கே அதன் நோக்கம் விளங்குவதில்லை. அதற்கு முந்தைய ஆண்டில்தான் வானியலாளர் ஃபிராங்க் டிரேக் அமெரிக்காவின் கிரீன் பேங்க் ஆய்வகத்தின் வானொலித் தொலைநோக்கியை டாவ் செட்டி, எப்சிலான் எரிடானி என்னும் இரு விண்மீன்கள் பக்கம் திருப்பி வேற்றுலக உயிர்களின் சமிக்ஞைக்காகக் காத்திருந்தார். அறிவியலும் புனைகதையும் அப்போது ஒன்றையொன்று ஒட்டியே நடந்துகொண்டிருந்தன.

பேசத் தெரிந்த எந்திரத்துக்கு உணர்வு உண்டா என்பதை அடுத்த பகுதியில் எடுத்துக்கொள்ளப்போவதாகக் கட்டுரையாளர் அறிவித்திருக்கிறார். எழுதத் தொடங்குமுன் ஹாயிலின் நாவலில் அந்த அயனியாக்க விவாதத்தையும், டூரிங் ஜெஃபர்சனுக்கு அளித்த பதிலையும் ஒருமுறை படித்துவிடும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டும் நீளமானவை அல்ல.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.