மாலத்தீவுக்குக் கிளம்பும் முன்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய மூன்று ரிசார்ட் படங்களையும் பார்த்தோம். தண்ணீருக்கு மேல் மரவீடு, அதற்கு ஒரு கண்ணாடித் தரை. மூன்றுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. 1972-இல் குரும்பா என்ற முதல் ரிசார்ட் தொடங்கிய காலத்திலிருந்தே அங்கே பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்தான். பிடிக்கவில்லையென்றால் அடுத்த தெருவில் வேறு அறை பார்க்க முடியாது. அதனால் அறையை விடு, தீவைப் பார்.

கூகுள் மேப்பில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து தீவைப் பெரிதாக்கு. கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே வெளிர்நீலம் முடிந்து கருநீலம் தொடங்கினால், பார், அதாவது கடலடிப் பவளத்திட்டு, பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கரையிலிருந்தே நீந்திப் போய்ப் பவளத்தையும் மீனையும் பார்க்கலாம். வெளிர்நீலம் வெகுதூரம் போனால் அது களப்பு, ஆழமில்லாத அமைதியான தண்ணீர், அடியில் வெறும் மணல். காலை நனைத்துக்கொண்டு நடக்க அருமையான இடம், ஆனால் மீன் பார்க்கத் தினமும் காசு கொடுத்துப் படகு ஏற வேண்டும். உனக்கு நீச்சல் வரும், மாப்பிள்ளைக்கு வராது என்பதால் ஒரு பக்கம் களப்பும் மறுபக்கம் பாரும் உள்ள தீவாகத் தேடு. நீ அனுப்பியதில் இரண்டாவது அப்படித்தான் தெரிகிறது.

அதற்குக் கடல் விமானத்தில்தான் போக வேண்டும். அது வெளிச்சம் இருக்கும்போது மட்டுமே பறக்கும். பிற்பகல் 3.30-க்குள் தலைநகர் மாலேயில் இறங்கவில்லையென்றால் பெரும்பாலும் அன்றைக்குத் தீவுக்குப் போக முடியாது. மாலேயிலோ பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயிலோ ஓர் இரவு தங்க வேண்டும், தீவில் கட்டிய முதல் இரவுக் காசும் போகும். நீ பார்த்து வைத்திருக்கும் மாலை விமானம் வேண்டாம், காலையில் இறங்குவதாகப் பார். திரும்பும்போதும் விடியற்காலை விமானம் ஒத்துவராது.

பெட்டி ஆளுக்கு 20 கிலோ, கைப்பை 5 கிலோ. அதற்கு மேல் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். இடம் குறைவு என்பதால் சில நேரம் ஆள் ஒரு விமானத்திலும் பெட்டி அடுத்த விமானத்திலும் வரும். மாத்திரையும் ஒரு செட் துணியும் கைப்பையில் இருக்கட்டும். புறப்படும் நேரத்தை முந்தின நாள் மாலைதான் உறுதியாகச் சொல்வார்கள், வழியில் வேறு தீவுகளிலும் இறங்கும். விமானி வெறுங்காலோடு ஓட்டுவதைப் பார்த்து மாப்பிள்ளை பதற வேண்டாம், அங்கே அது சாதாரணம்.

நேரத்திலும் ஒரு குழப்பம் உண்டு. மாலே நம்மைவிட அரை மணி பின்னால். ஆனால் பல ரிசார்ட்டுகள் தங்கள் கடிகாரத்தை மாலேயைவிட ஒரு மணி முன்னால் வைத்திருக்கும். விமான நேரம் சொல்லும்போது, “தீவு நேரமா, மாலே நேரமா?” என்று ஒருமுறை கேட்டுவிடு.

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் அது முழு விலை இல்லை. சேவைக் கட்டணம் 10 சதவீதம் சேரும், அந்தத் தொகையின் மேல் 17 சதவீத வரி. 1,000 டாலர் 1,287 ஆகிவிடும். 2025 ஜனவரி முதல் பசுமை வரி ரிசார்ட்டில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். உங்கள் இருவருக்கும் நாலு இரவுக்கு 96. கடல் விமானக் கட்டணம் தனி, இரண்டு பேருக்கும் போக வரச் சேர்த்து அறை வாடகையோடு போட்டி போடும். உணவு சேராத அறையை எடுக்காதே. தீவில் வேறு கடை கிடையாது. அரிசியிலிருந்து தக்காளி வரை எல்லாமே வெளியிலிருந்து வருவது. நம் தூத்துக்குடியிலிருந்து தோணி காய்கறி ஏற்றிக்கொண்டு மாலேக்குப் போகிறதே, அந்தக் கணக்குதான். இரண்டு வேளை உணவு என்று எடுத்தால் குடிக்கும் தண்ணீர் அதில் சேருமா என்று கேள்.

மாப்பிள்ளை சைவம் என்பதை முன்பதிவின்போதே எழுதிவிடு. நம் கடைகளில் விற்கும் மாசிக் கருவாடு அந்த ஊர்ச் சரக்கு. சம்பல், பொரியல் என்று கண்ணுக்குத் தெரியாமல் தூவியிருப்பார்கள்.

மது, பன்றி இறைச்சி, வேப் என்கிற மின் சிகரெட் எதுவும் எடுத்துப் போகக் கூடாது. வழிபாட்டுச் சிலையும் தடை. உன் கைப்பையில் எப்போதும் இருக்கும் அந்தச் சின்னப் பிள்ளையாரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. விசா இறங்கும் இடத்தில் இலவசம். இமுகா என்ற பயணப் படிவத்தைப் புறப்படுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். அதற்கும் கட்டணம் இல்லை. காசு கேட்டால் அது போலித் தளம். திரும்பும்போது இன்னொரு முறை நிரப்ப வேண்டும், பலர் மறப்பது அதைத்தான்.

இனிக் கடல். தண்ணீரில் இறங்குமுன் டைவிங் மையத்தில் எந்த வழியாக இறங்கி எந்த வழியாக ஏறுவது, நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் என்று கேள். போகும்போது நீவாட்டை எதிர்த்துப் போ, களைத்துத் திரும்பும்போது அதுவே உன்னைக் கொண்டுவந்து சேர்க்கும். வற்றத்தில், கடல் உள்வாங்கும் நேரத்தில், பாருக்கு மேல் முழங்கால் அளவு தண்ணீர்கூட இருக்காது. வயிற்றிலும் தொடையிலும் பவளம் கீறினால் புண் எளிதில் ஆறாது. ஏற்றத்தில், தண்ணீர் ஏறியிருக்கும்போது போ. வெயிலில் முதுகு பொசுங்குவதும் பாருக்கு மேல் மிதக்கும்போதுதான். கிரீமை நம்பாமல் முழுக்கை நீச்சல் சட்டை போடு.

பெரிய கிளாத்தி மீன் கூடு கட்டியிருந்தால் துரத்திக் கடிக்கும். அதன் எல்லை புனல் மாதிரி, மேலே போகப்போக அகலம். மேல்நோக்கி ஓடினால் எல்லைக்குள்ளேயே இருப்பாய், பக்கவாட்டில் விலகு. மாப்பிள்ளை களப்பில்கூட மிதவைச் சட்டை இல்லாமல் இறங்க வேண்டாம். நீ ஸ்கூபா செய்தால் கடைசி முழுக்குக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் விடு. கடல் விமானத்துக்கும் அதே கணக்குதான். கரையில் கிடக்கும் பவளத் துண்டு எதையும் பெட்டியில் போடாதே, ஸ்கேனில் தெரிந்துவிடும்.

அங்கே பிளக் பிரிட்டிஷ் மாதிரி, சதுர மூன்று முனை. அடாப்டர் நம் வீட்டு மேஜை இழுப்பறையில் இரண்டு இருக்கிறது, கூரியரில் அனுப்புகிறேன். காலை விமானம் கிடைத்ததா என்று எழுது.

அன்புடன்,
அப்பா