ஓவிய வகுப்பில் கிராஃபிக் நாவல்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் பருவத்திலிருந்து ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களின் ஓவிய வகுப்பில் கிராஃபிக் நாவல், அதாவது கட்டம் கட்டமான படங்களால் கதை சொல்லும் நூல், உருவாக்கும் பயிற்சி தொடங்குகிறது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். பருவம் முடிவதற்குள் ஒவ்வொரு மாணவரும் தாமே எழுதி, தாமே வரைந்த எட்டுப் பக்கச் சிறுநூல் ஒன்றை முடித்துத் தர வேண்டும்.

பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படக்கதை படித்துத் திட்டு வாங்கிய தலைமுறை நம்முடையது என்பதால், அதைப் பள்ளியே வகுப்புக்குள் அழைத்து வருவது உங்களில் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் 1992-இல் ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மவுஸ்' என்ற கிராஃபிக் நாவலுக்கு, அமெரிக்காவின் புகழ்பெற்ற புலிட்சர் விருதுகளில் சிறப்புப் பரிசு கிடைத்தது. அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்தின் பெருமதிப்புக்குரிய நியூபெரி பதக்கம் 2020-இல் முதன்முறையாக ஒரு கிராஃபிக் நாவலுக்கு வழங்கப்பட்டது. இதற்கெல்லாம் வெகு முன்பே, ஜெனீவாவில் விடுதிப் பள்ளி நடத்தி வந்த ரொடோல்ஃப் டோப்ஃபர் என்ற ஆசிரியர், 1830களிலேயே கட்டம் கட்டமாக வரைந்த படக்கதைகளை நூலாக வெளியிடத் தொடங்கிவிட்டார். கண்பார்வைக் குறைவால் ஓவியராகும் எண்ணத்தைக் கைவிட நேர்ந்தவர் அவர் என்பதை, "எனக்கு வரையவே வராது" என்று சொல்லும் பிள்ளைகளிடம் நீங்கள் தயங்காமல் எடுத்துச் சொல்லலாம்.

ஏனெனில் இந்தப் பயிற்சியில் கைத்திறன் இரண்டாம் இடத்தில்தான் இருக்கிறது. 'கதவு திறந்து கிடப்பதைக் கண்ட சிறுமி தயங்கியபடி வீட்டுக்குள் நுழைந்தாள்' என்று எழுத ஒரு வரி போதும். அதையே படங்களாகச் சொல்ல வேண்டிய மாணவர், முதலில் காட்ட வேண்டியது சிறுமியின் முகத்தையா, தொங்கும் பூட்டையா, வாசலில் கிடக்கும் முன்பின் தெரியாத செருப்பையா என்று முடிவெடுத்தாக வேண்டும். செருப்பை மட்டும் ஒரு கட்டத்தில் பெரிதாகக் காட்டிவிட்டு, அடுத்த கட்டத்தில் சிறுமியின் கை கதவைத் தள்ளுவதைக் காட்டினால், அவளுடைய தயக்கத்தை யாரும் வரையவே தேவையில்லை. இரு கட்டங்களுக்கும் நடுவே உள்ள வெள்ளை இடைவெளியில் வாசகரே அதை நிரப்பிக்கொள்வார். எதை விட்டுவிடலாம் என்று தெரிந்துகொள்வதே இக்கலையில் கடினமான பகுதி. கட்டுரை எழுதும்போதும் நம் மாணவர்கள் இடறுவது இங்கேதான் என்பது என் எண்ணம்.

வேறு சில நுட்பங்களும் கற்றுத்தரப்படும். பாத்திரங்களின் பேச்சை எழுதும் வட்டமான பேச்சுக் குமிழை முதலில் வரைந்துவிட்டுப் பிறகு அதற்குள் சொற்களைத் திணிப்பது புதியவர்கள் எல்லோரும் செய்வது. சொற்களை எழுதி முடித்து, அவற்றைச் சுற்றிக் குமிழை வரைவதே சரியான முறை. தமிழில் நீண்ட சொற்கள் மிகுதி என்பதால் நம் பிள்ளைகளுக்கு இது கூடுதலாகத் தேவைப்படும். நாம் இடமிருந்து வலமாகப் படிப்பதால், முதலில் பேசுபவரின் குமிழ் இடப்பக்கமாகவோ சற்று மேலாகவோ இருந்தால்தான் உரையாடல் குழம்பாமல் செல்லும்.

நூலின் வடிவம் மிக எளியது. ஒரு தாளை மூன்று முறை பாதியாக மடித்து விரித்து, நடு மடிப்பில் ஒரு கீறல் வெட்டி மீண்டும் மடித்தால், ஒட்டாமலும் தைக்காமலும் அட்டைகள் உட்பட எட்டுப் பக்கங்கள் கிடைத்துவிடும். வரைவதெல்லாம் தாளின் ஒரே புறத்தில் அமைவதால், ஒரே நகலெடுப்பில் முழு நூலையும் படி எடுக்கலாம். இரண்டாம், மூன்றாம் பக்கங்கள் ஒருசேரக் கண்ணில் படுபவை என்பதால், வாசகரைத் திடுக்கிட வைக்கும் காட்சியை மூன்றாம் பக்கத்தில் வைத்தால் அது முன்கூட்டியே தெரிந்துவிடும். பக்கத்தைப் புரட்டிய பிறகு வரும் நான்காம் பக்கமே அதற்கு உரிய இடம். இதைச் சொல்லிக் கொடுக்காமல், மாணவர்கள் தாமே கண்டுபிடிக்கட்டும் என்று ஓவிய ஆசிரியர் விரும்புகிறார். வீட்டில் நீங்களும் இதைச் சொல்லிவிட வேண்டாம்.

மதிப்பீட்டைப் பொறுத்தவரை, படம் அழகாக இருக்கிறதா என்று பார்க்க மாட்டோம். நூலை வேறொரு மாணவரிடம் கொடுத்து, எந்த விளக்கமும் இல்லாமல் படித்துவிட்டுக் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்வோம். அவர் எங்கே தடுமாறுகிறாரோ, அந்தப் பக்கம் திருத்தப்படும். குச்சி மனிதர்களை வைத்தே தெளிவாகக் கதை சொல்லும் மாணவர் முழு மதிப்பெண் பெறலாம். ஆகவே, கோணலாக இருக்கிறதென்று நீங்கள் படத்தைத் திருத்தித் தருவதோ, செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைக் கொண்டு படம் உருவாக்கித் தருவதோ பிள்ளைக்கு உதவாது. அத்தகைய பக்கங்களை ஏற்கவும் இயலாது. மாறாக, முதல் வரைவைப் படித்துவிட்டு, "இந்த இடத்தில் என்ன நடந்தது என்று எனக்குப் புரியவில்லை" என்று நேர்மையாகச் சொன்னால் அது பேருதவி.

கதையின் பொருளை மாணவர்களே தேர்ந்தெடுப்பார்கள். சண்டைக் காட்சிகளுக்கு முழுத் தடை இல்லை. ஆனால் உடன் படிப்பவர்களையோ ஆசிரியர்களையோ அடையாளம் தெரியும்படி கேலி செய்யும் கதைகளுக்கு அனுமதி இல்லை. குடும்பத்தில் நடந்ததைக் கதையாக்க விரும்பும் மாணவர், அதில் இடம்பெறுபவர்களிடம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். புகழ்பெற்ற கதை நாயகர்களைப் பயிற்சிக்காகப் பார்த்து வரையலாம். இறுதி நூலில் வருபவர்கள் மாணவரின் சொந்தப் படைப்பாக இருக்க வேண்டும்.

பென்சில், அழிப்பான், அளவுகோல், நீரில் கரையாத கறுப்பு மைப் பேனா ஆகியவை இருந்தால் போதும். தாள்களைப் பள்ளியே வழங்கும். வண்ணங்கள் வாங்க வேண்டாம். முடிந்த நூல்களின் படிகளைப் பள்ளி நூலகத்தில் வைக்க விரும்புகிறோம். உங்கள் பிள்ளையின் நூலை அவ்வாறு வைப்பதில் உங்களுக்கோ பிள்ளைக்கோ விருப்பம் இல்லையெனில், வகுப்பாசிரியரிடம் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். காரணம் கூறத் தேவையில்லை.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்