அப்பா ஒரே ஆள்தான்: ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரி அவர்களுக்கு,

அம்மாவின் விதவை ஓய்வூதியக் கோவை பதினொரு மாதமாக உங்கள் கந்தோரில் கிடக்கிறது. சிக்கல் என்னவென்று உங்களுக்குத் தெரியும். அப்பாவின் நியமனக் கடிதத்தில் பெயர் ஆங்கில டபிள்யூவில் தொடங்குகிறது, விவாகப் பதிவின் ஆங்கிலப் பிரதியில் வீயில் தொடங்குகிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'வ' தான். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று இரண்டு சத்தியக் கடதாசி கொடுத்தாயிற்று. போன செவ்வாய்க்கிழமை மூன்றாவதும் வேண்டும் என்றார்கள்.

அன்றைக்கு லிப்ட் வேலை செய்யவில்லை. அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வருத்தம், ஒவ்வொரு மாடியிலும் படியில் குந்தியிருந்துதான் மூன்றாம் மாடிக்கு வந்தார். கையில் பிஸ்கட் பேணி, அதற்குள் அப்பா வேலைத்தளத்தில் நில மட்டம் அளந்து எழுதிய லெவல் புத்தகங்கள். ஒன்றை விரித்து, "தம்பி, இது அவருடைய கையெழுத்துத்தான், பாருங்கோ" என்று நீட்டினார். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்தும் பார்க்காமல், இவர் யார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அம்மா பேணியை மூடிக்கொண்டு இறங்கிவிட்டார்.

யார் என்று நான் சொல்கிறேன். கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்து வாய்க்கால்களில் தண்ணீர் திறந்துவிடும் துரிசும் மதகும் கட்டி வேலை பழகியவர். 1992 ஜூன் மழையில் கொழும்பு மூழ்கிய பிறகு இங்கே கால்வாய்களை அகலமாக்கினார்களே, அந்த வருடங்களில் கிருலப்பனை, வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்க் கரைகளில்தான் அவருடைய பொழுது போனது. இரவில் கொங்கிரீட் போட்டால் கடைசி ஆள் போகும்வரை நிற்பார், தேத்தண்ணீர் வந்தால் முதல் கோப்பை கூலியாட்களுக்கு. சேறும் சகதியுமாக வீட்டுக்கு வந்தாலும் கையைக் கழுவிவிட்டு எங்களுக்குத் தோடம்பழம் உரித்துத் தருவார். எங்கள் மேல் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை.

ஞாயிறு மாலைகளில் கால்வாய்க்கரையில் நடக்கும்போது அணைசுவரில் விட்டிருக்கிற சின்ன ஓட்டைகளைப் பார்ப்பார். எதிலாவது பொலித்தீன் பை அடைத்திருந்தால் குனிந்து, குடை நுனியால் கிளறி எடுப்பார். சுவருக்குப் பின்னால் மண்ணில் ஊறுகிற தண்ணீர் வெளியே வர வழியில்லாவிட்டால் சுவரையே தள்ளிவிடும், அதற்குத்தான் அந்த ஓட்டை என்று எத்தனை தரம் சொல்லியிருப்பார்! 2016 மே வெள்ளத்தின்போது ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆகியிருந்தது, ஆனாலும் நாகலகம் வீதி அளவுகோலில் களனி ஆறு எத்தனை அடி என்று கேட்டுக்கேட்டு இரவு முழுக்க நித்திரையில்லாமல் இருந்தார். அந்த மனிதரைத்தான் இரண்டு ஆள் என்கிறீர்கள்.

இந்தப் பணம் பிச்சை இல்லை ஐயா. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய திட்டம் இது, இதற்காக மாதாமாதம் அவர் சம்பளத்தில் வெட்டினார்கள். வெட்டும்போது எழுத்து யாருக்கும் பிரச்சினையாக இருக்கவில்லை. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பிலேயே எழுதியாயிற்று, ஆனாலும் உங்களிடமிருந்து வந்த ஐந்து கடிதமும் சிங்களத்தில் மட்டும்தான், ஒவ்வொன்றையும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொண்டுபோய்த்தான் வாசிப்பிக்கிறோம். சரி, அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

இப்போது கேட்பது ஒன்றுதான். கொடுத்த சத்தியக் கடதாசிகளை ஏற்று அம்மாவின் ஓய்வூதியத்தைத் தயவுசெய்து விடுவியுங்கள். இன்னும் ஏதாவது கையெழுத்து வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், பேணியோடு நான் வருகிறேன். அம்மாவை மட்டும் இனி அந்தப் படியில் ஏற்றாதீர்கள்.

இப்படிக்கு,
அவருடைய மூத்த மகள்,
வெள்ளவத்தை