கரைந்து மறையும் மை: பேராசிரியர் ஜெனிஃபர் லூயிஸுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஹார்வர்டில் உங்கள் குழு, ராபர்ட் வுட், ஜார்ஜ் வைட்சைட்ஸ் ஆகியோரின் குழுக்களுடன் சேர்ந்து உருவாக்கிய, முழுக்க மென்மையான பொருள்களாலான ஆக்டோபஸ் வடிவ ரோபோ ‘ஆக்டோபாட்’ 2016 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தபோது, செய்திகளில் அதன் எட்டுக் கைகளே பெரிதாக இடம்பிடித்தன. பொருளறிவியல் கற்பிக்கும் எனக்கோ, அக்கைகளுக்குள் குழாய்களை உண்டாக்கிய மைதான் பெரிதாகப் பட்டது.

ரப்பர் போன்ற பொருளான சிலிக்கோன் உறையாத நிலையில் இருக்கும்போதே அதற்குள் ஊசிமுனையை இறக்கி, நீர் கலந்த களி போன்ற மையை அதனுள் கோடாக இழுக்கிறீர்கள். அழுத்தினால் ஓடவும், அழுத்தம் நீங்கியதும் விழுந்த இடத்தில் விழுந்தபடியே நிற்கவும் வேண்டும். முறுக்கு மாவுக்குப் பதம் பார்க்கும் எவருக்கும் இது விளங்கும். சுற்றியுள்ள சிலிக்கோனோ ஊசி கடந்த தடத்தைத் தானே மூடிக்கொள்ள வேண்டும். பிறகு சூடேற்றும்போது சிலிக்கோன் உறைகிறது, மையிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறுகிறது, கோடு கிடந்த இடம் குழாயாகிவிடுகிறது. பிளாட்டினம் கலந்த மை இட்ட இடங்களில் மட்டும் அந்த உலோகம் தங்கிவிடுகிறது. எரிபொருளான 50 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு அந்தப் பிளாட்டினத்தைத் தொட்டதும் நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிய, அந்த வாயு கைகளை உப்பச் செய்கிறது. ஒரு பக்கம் வாயு நிரம்பும்போது மறுபக்க எரிபொருளின் வழி அடைபடுவதால், பேட்டரியோ மின்சுற்றோ இன்றி நான்கு நான்கு கைகளாக மாறி மாறி அசைகின்றன.

ஆக்டோபாட் நடக்காது, தொட்டால் விலகாது, ஒரு மில்லிலிட்டர் எரிபொருளில் நான்கு முதல் எட்டு நிமிடம் இயங்கி நின்றுவிடும். சில செய்திகள் அதைச் சிந்திக்கும் உயிர்போல வருணித்தது மிகை என்றே கருதுகிறேன். உடல் மட்டுமன்றி, அதை இயக்கும் கட்டுப்பாட்டு அமைப்பும் மென்மையாக இருக்க முடியும் என்று காட்டியதே அதன் சாதனை. அதற்கு அந்தச் சில நிமிடங்கள் போதும்.

2019-இல் உங்கள் குழு இதே உத்தியை உயிருள்ள திசுவுக்குக் கொண்டுசென்றது. பல வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்களிலிருந்து வளர்த்த லட்சக்கணக்கான செல் திரள்களை நெருக்கி அடைத்து, குளிர்ந்த நிலையில் அவற்றினூடே ஜெலட்டின் மையால் கோடிட்டு, 37 டிகிரிக்குச் சூடேற்றி அதை உருக்கி வெளியேற்றியபோது ரத்தக் குழாய்களுக்கான வழிகள் கிடைத்தன. அவ்வாறு அமைத்த இதயத் திசு ஒருங்கிணைந்து துடித்ததைப் படித்தபோது, ரோபோவும் உறுப்பும் உங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரே கேள்வியின் இரு பகுதிகள் என்று தோன்றியது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சரியாக அமைந்த மையின் செய்முறை உங்கள் கட்டுரைகளில் விரிவாகவே உள்ளது. எந்தக் கலவை ஊசியை அடைத்தது, எது சிலிக்கோனில் பரவிக் கெட்டது, எந்த அளவீட்டுக்குப் பிறகு அதைக் கைவிட்டீர்கள் என்பதையும் ஒரு தொகுப்பாக வெளியிட்டால், என் மாணவர்களுக்கு அதையே முதல் பாடமாக வைப்பேன்.

அன்புடன்,
ஒரு பொருளறிவியல் ஆசிரியர்