ஐடி படிக்க வைக்கலாமா என்று கேட்டாயே

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. சின்னவனுக்கு உடம்பு தேறிவிட்டது என்ற வரியைப் படித்த பிறகுதான் மற்றதைப் படிக்கவே மனம் வந்தது. உன் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றுவிட்டாரா! நாள் முழுக்க இரண்டு பேரும் வீட்டிலேயே இருக்கிறீர்களே, சண்டை வருகிறதா இல்லையா என்பதை மட்டும் நீ எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் மறைக்காமல் எழுது.

இங்கே எல்லோரும் நலம். நான் அதே வேலையில்தான் இருக்கிறேன். ஆனால் குழு சுருங்கிவிட்டது. போன வருடம் எங்கள் பிரிவிலிருந்து சிலரை அனுப்பினார்கள், அவர்களுடைய வேலை எங்கள் தலையில் வந்து விழுந்தது. அதனால்தான் பதில் எழுத இவ்வளவு தாமதம், கோபித்துக்கொள்ளாதே.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பெரியவளைக் கணினி அறிவியல் படிக்க வைக்கலாமா, படித்தால் வேலை கிடைக்குமா, கிடைத்தால் நிலைக்குமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறாய். கடைசிக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: நிலைக்காது. முதலில் சேர்ந்த கம்பெனியிலேயே ஓய்வு பெற்று வருவாள் என்று கணக்குப் போடாதே. ஐடியில் சம்பளம் அதிகம் என்கிறார்களே, அதில் ஒரு பங்கு இந்த நிலையாமைக்காகக் கொடுப்பது. அதைத் தெரிந்துகொண்டு போனால் போகலாம். அரசு வேலை மாதிரி நினைத்துக்கொண்டு போனால் கண்ணீர்தான் மிஞ்சும்.

நீ செய்தியில் பார்த்துப் பயந்தது 2022 கடைசியில் தொடங்கிய ஆட்குறைப்பு அலை. அந்த நவம்பரில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 11,000 பேரை அனுப்பியது. அடுத்த ஜனவரியில் கூகுள் 12,000, மைக்ரோசாஃப்ட் 10,000, அமேசான் 18,000 என்று வரிசையாக அறிவித்தார்கள். கேட்டால் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததையும் பார். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டில் 2019 முடிவில் இருந்தவர்கள் சுமார் 1,19,000 பேர். 2022 முடிவில் 1,90,000 பேர். கொரோனா காலத்தில் உலகமே வீட்டுக்குள் உட்கார்ந்து திரையைப் பார்த்தது, வட்டியும் கிட்டத்தட்ட பூஜ்யம். இப்படியே போகும் என்று நம்பி ஆளை அள்ளினார்கள். 2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியது. அடுத்த வருடமே அது 5 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. பணம் போட்டவர்கள் லாபம் எங்கே என்று கேட்க ஆரம்பித்தார்கள், செலவைக் குறை என்றார்கள். ஐடியில் பெரிய செலவு ஆட்கள்தான். வேலை போனவர்களில் கெட்டிக்காரர்கள் எத்தனையோ பேர். யார் நன்றாகக் கோட் எழுதுகிறார் என்பதெல்லாம் வட்டி விகிதத்துக்குத் தெரியுமா என்ன?

இந்தப் பயமும் புதிதில்லை. ஐடி கம்பெனிகள் நிறைந்த அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குக் குறியீடு 2000 மார்ச்சில் உச்சிக்குப் போய், 2002 அக்டோபருக்குள் முக்கால் பங்குக்கு மேல் விழுந்தது. அப்போதும் இதே பேச்சு, ‘ஐடி முடிந்தது’ என்று. அங்கே கணினி அறிவியலில் சேர்வோர் எண்ணிக்கை அடுத்த சில வருடங்கள் சரிந்துகொண்டே போனது. பயந்துபோய் வேறு படிப்பு எடுத்தவர்கள் பட்டம் வாங்கி வெளியே வருகிற நேரத்தில், அமேசான் 2006இல், கணினி வசதியை இணையம் வழியே வாடகைக்குத் தரும் கிளவுட் சேவையைத் தொடங்கியிருந்தது, 2007இல் ஐபோன் வந்துவிட்டது. அப்புறம் ஆள் போதாமல் தேடினார்கள். இந்தத் தடவையும் அப்படியே திரும்பும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. இன்றைய தலைப்புச் செய்தியை வைத்துக்கொண்டு நான்கு வருடம் கழித்து இருக்கப்போகும் சந்தையைக் கணிக்க முடியாது, அவ்வளவுதான் சொல்கிறேன்.

இனி சம்பளம். ஒரே படிப்பு படித்து ஒரே நாளில் வேலைக்குச் சேரும் இரண்டு பேருடைய சம்பளம் ஏன் இவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று கேட்டிருந்தாய். திறமை ஒரு காரணம்தான். பெரிய காரணம் கம்பெனி எப்படிச் சம்பாதிக்கிறது என்பது. சர்வீஸ் கம்பெனி ஆட்களின் நேரத்தை வாடிக்கையாளருக்கு விற்கிறது. இத்தனை பேர், இத்தனை மணி நேரம், இவ்வளவு பில். வருமானம் கூட வேண்டுமென்றால் ஆளும் கூட வேண்டும். அதனால் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கைத் தாண்டி அதிகம் கொடுக்க முடியாது. புராஜெக்ட் இல்லாதபோது ‘பெஞ்சில்’ உட்கார வைப்பார்கள். சம்பளம் வரும், ஆனால் அந்த நாட்களில் நிம்மதி இருக்காது. புராடக்ட் கம்பெனிக்கு வேறு கணக்கு. ஒரு முறை எழுதிய மென்பொருளைப் பத்துப் பேருக்கும் விற்கலாம், பத்து லட்சம் பேருக்கும் விற்கலாம், அதற்காக ஆளை ஒரு லட்சம் மடங்கு கூட்ட வேண்டியதில்லை. ஒவ்வொருவர் தலையிலும் வருமானம் அதிகம், அதனால் சம்பளமும் அதிகம். அதே காரணத்தால் அங்கே நுழைவதும் கடினம், வெளியே அனுப்புவதும் சட்டென்று நடக்கும்.

வேலைக்கு எடுக்கும்போது கொடுக்கிற ஆஃபர் கடிதத்தில் உள்ள தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம் என்று அவளிடம் இப்போதே சொல்லி வை. அது பெரும்பாலும் மூன்று துண்டு: மாதச் சம்பளம், போனஸ், கம்பெனிப் பங்கு. மாதச் சம்பளம் மட்டும்தான் நிச்சயம். போனஸ் அவர்கள் மனது. பங்கை உடனே கையில் தரமாட்டார்கள். நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வருவது பரவலான வழக்கம், பல இடங்களில் முதல் வருடம் முடிவதற்குள் விலகினால் ஒன்றுமே கிடையாது. கைக்கு வரும்போது விலை என்ன என்பதும் யாருக்கும் தெரியாது. 2022இல் மட்டும் மெட்டாவின் பங்கு 60 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. அந்தப் பங்கை நம்பி வீட்டுக் கடன் வாங்கியவர்கள் இருந்தால், அவர்களுடைய நிலைமையை நினைத்துப் பார். என் பழக்கம் இதுதான்: மாதச் சம்பளத்துக்குள் குடும்பம், மற்ற இரண்டும் வந்தால் சேமிப்பு. வேலை போனால் ஆறு மாதம் தாங்குகிற அளவுக்கு எப்போதும் கையிருப்பு வைத்திருக்கிறேன். போன வருடம் குழுவைக் குறைத்தபோது இரவில் தூக்கம் வந்ததற்கு என் திறமை காரணமில்லை, அந்தக் கையிருப்புதான்.

ஒரே இடத்தில் இருப்பவருக்குச் சம்பளம் ஊர்ந்துதான் ஏறும். மாறுகிறவருக்குத் தாவி ஏறும். எனக்கு இது பிடிக்காத உண்மை. இருந்தவர்களுக்கு ஒரு விலை, புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு விலை என்று வைத்துவிட்டு, விசுவாசம் இல்லை என்று பிறகு புலம்புவார்கள்.

படிப்பைப் பற்றித்தான் நீ அதிகம் யோசிக்க வேண்டும். எந்த மொழி சொல்லித் தருகிறார்கள், எந்த டூல் சொல்லித் தருகிறார்கள் என்று பார்க்காதே. ஒரு காலத்தில் இணையம் முழுக்க, அசைபடமும் விளையாட்டும் காட்டும் ஃபிளாஷ் மென்பொருள்தான், அதில் வேலை செய்தவர்களுக்கு ராஜ மரியாதை. 2020 டிசம்பரோடு அடோபி அதற்கு மூடுவிழா நடத்திவிட்டது. இன்னொரு பக்கம் பார். தரவுகளை அட்டவணைகளாக வைப்பது பற்றி எட்கர் காட் கட்டுரை எழுதியது 1970இல். அதிலிருந்து பிறந்த, தரவைக் கேட்டு எடுக்கும் எஸ்க்யூஎல் மொழியை நான் இன்றைக்குக் காலையில்கூட எழுதினேன். யூனிக்ஸ் என்ற இயங்குதளம் 1969இல் பிறந்தது. இணையம் இன்றும் ஓடுகிற டிசிபி ஐபி என்ற தகவல் பரிமாற்ற முறைக்கு, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் மாறியது 1983 ஜனவரி 1ஆம் தேதி. மேலே உள்ள அடுக்குகள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாறுகின்றன, கீழே உள்ளவை நாற்பது ஐம்பது வருடமாக அப்படியே இருக்கின்றன. ஆகவே தரவுத்தளம், இயங்குதளம், நெட்வொர்க், அல்காரிதம், கொஞ்சம் கணிதம் ஆகியவற்றை ஒழுங்காக நடத்துகிற கல்லூரியா என்று மட்டும் பார். மற்றதை அவளே கற்றுக்கொள்வாள். கற்றுக்கொள்ளாமல் இங்கே ஒருவரும் பிழைக்க முடியாது.

சான்றிதழ்கள் பற்றிக் கேட்டிருந்தாய். சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ, அமேசானின் கிளவுட் சான்றிதழ் போன்றவை எல்லாம் மூன்று வருடம்தான் செல்லும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். முதல் வேலைக்குக் கதவைத் தட்ட உதவும். அதற்காக வீட்டை அடகு வைத்து ஏதாவது பயிற்சி மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடாதே. ‘வேலை உறுதி’ என்று எழுதிய பலகையைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் நட.

அடுத்தது எல்லோரும் கேட்கும் ஏஐ. 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது, அதிலிருந்து எங்கள் தொழிலில் பேச்சு இதுதான். முதலில் ஒன்று சொல்கிறேன். 2016இல் ஜெஃப்ரி ஹின்டன், இந்தத் துறையின் பெரிய தலை, ஸ்கேன் படங்களை ஏஐயே நன்றாகப் பார்த்துவிடும், அதைப் பார்த்துச் சொல்லும் கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிடலாம் என்றார். இன்றும் அந்த மருத்துவர்களுக்குப் பல நாடுகளில் பற்றாக்குறைதான். கோபால் (COBOL) என்ற கணினி மொழியை 1959இல் உருவாக்கத் தொடங்கியபோது, ஆங்கில வாக்கியம் மாதிரி இருப்பதால் அதிகாரிகளே படித்துப் புரிந்துகொள்ளலாம் என்ற நினைப்பும் இருந்தது. அதிகாரிகள் படித்தார்களோ இல்லையோ, 2020 ஏப்ரலில் கொரோனா நேரத்தில் நியூ ஜெர்சி ஆளுநர், பழைய அரசுக் கணினிகளைக் கவனிக்கக் கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வேண்டும் என்று பொதுவில் கேட்க வேண்டி வந்தது.

இவற்றைச் சொல்லி உன்னை ஏமாற்றவும் விரும்பவில்லை. ஏஐயால் அடி வாங்குவது புதிதாக வருகிறவர்கள்தான் என்பது என் கண் முன்னால் நடக்கிறது. முன்பெல்லாம் சின்னச் சின்ன வேலையைப் புதியவர்களிடம் கொடுப்போம்: ஒரு திரையைத் திருத்து, ஒரு ரிப்போர்ட் எழுது, டெஸ்ட் எழுது. அந்த வேலை ஓரளவுக்கே முக்கியம், அதைச் செய்து அவர்கள் கற்றுக்கொள்வதுதான் முக்கியம். இப்போது அந்தத் துண்டு வேலைகளை நானே கருவியிடம் கேட்டு வாங்கிவிடுகிறேன். அது தருவதில் எது தப்பு என்று எனக்குத் தெரிகிறது, ஏனென்றால் அதே தப்புகளை ஒரு காலத்தில் பக்கத்தில் உட்கார்ந்து யாரோ எனக்குத் திருத்திக் காட்டினார்கள். அந்தப் படிக்கட்டை எடுத்துவிட்டால் அடுத்த தலைமுறை எங்கே ஏறும்? கம்பெனிகள் இதைப் பற்றி யோசிக்கிற மாதிரி தெரியவில்லை. அதனால் உன் பெண் பட்டம் வாங்கும்போது முதல் வேலை கிடைக்கத்தான் நேரமாகும். ஒரு வருடம் வரைகூட இழுக்கலாம். அதற்கு மனதையும் கையையும் இப்போதே தயார் செய்துகொள்.

வேலை தேடும்போது பெரிய பெயர்களை மட்டும் பார்க்க வேண்டாம். வங்கி, மருத்துவமனை, மின்சாரம், ரயில், காப்பீடு என்று எல்லா இடத்திலும் கணினி ஆட்கள் வேண்டும். சம்பளம் கொஞ்சம் குறைவு, பெருமையடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, ஆனால் வட்டி ஏறியது என்று ரயிலை நிறுத்தமாட்டார்கள். 2024 ஜூலை 19 உனக்கு நினைவிருக்கிறதா, விமான நிலையங்களில் திரைகள் எல்லாம் நீலமாகிப்போன நாள்? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளில் வந்த ஒரு கோளாறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. பல இடங்களில் அதைச் சரிசெய்ய ஒவ்வொரு கணினியாகப் போய், சேஃப் மோடில் திறந்து, ஒரு ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. செய்தது யார்? அந்தந்த அலுவலகத்தின் ஐடி ஆட்கள். ஐடி என்றால் கலிஃபோர்னியாவில் கோட் எழுதுவது மட்டும் என்று நினைப்பவர்களுக்கு இவர்கள் கண்ணிலேயே படுவதில்லை.

அவளுக்கு இது பிடிக்குமா என்பதை மட்டும் உன் கடிதத்தில் காணவில்லை. மதிப்பெண் எழுதியிருக்கிறாய், கட்டணம் எழுதியிருக்கிறாய். இந்த வேலையில் பாதி நேரம் ஏதோ ஓடவில்லை, ஏன் என்று தெரியவில்லை என்ற நிலையிலேயே போகும். அவசரத்துக்கு எழுப்புகிற ஆன்-கால் முறை வரும்போது இரவில் ஃபோன் அடிக்கும், தூக்கக் கலக்கத்தில் எழுந்து அந்த ‘ஏன்’ஐத் தேட வேண்டும். சிலருக்கு அது நரகம். எனக்கு இத்தனை வருடம் கழித்தும் காரணம் பிடிபடும் நிமிடம் ஒரு சந்தோஷம் வருகிறது. அவள் எந்தப் பக்கம் என்று நீ சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இந்த விடுமுறையில் பைத்தான் என்ற கணினி மொழியில் ஏதாவது ஒன்றை, வீட்டுச் செலவுக் கணக்கோ சின்ன விளையாட்டோ, அவளே எழுதட்டும். ஏஐயைக் கேட்காமல் முதலில் முயலட்டும். ஓடாமல் நிற்கும்போது எரிச்சலில் மூடி வைத்துவிடுகிறாளா, சாப்பாட்டை மறந்து உட்காருகிறாளா என்று பார்த்து எழுது.

கல்லூரிகளின் பாடத்திட்டத்தையும் அனுப்பி வை. இரண்டு மூன்று இடங்களுடையது இருந்தால் நல்லது, நான் பார்த்துவிட்டு எதை விடலாம் என்று சொல்கிறேன். கட்டணம் கட்டக் கடைசித் தேதி எப்போது என்பதையும் எழுது, அதற்கு முன்னால் பதில் போட்டுவிடுவேன். அவளுக்கே என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை மாலை பேசச் சொல். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்கக்கூடாது, அது மட்டும் நிபந்தனை.

அன்புடன்,
உன் பழைய தோழி