டான்யூப் கப்பலுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வரும் பருவத்தில் டான்யூப் நதிக் கப்பலில் போக வேண்டும் என்று விசாரித்தவர்கள் எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே மடலாக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. கொஞ்சம் நீளம்தான். முன்பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

அலுவலகத்துக்கு வருபவர்களில் பலர் வண்ணக் கையேட்டோடு வருகிறார்கள். ஊர்ப் பெயர்களை எண்ணி வைத்திருப்பார்கள். "இந்தக் கப்பல் ஏழு ஊர் காட்டுகிறது, அது ஐந்துதான் காட்டுகிறது, ஏழுக்கே போட்டுவிடுங்கள்" என்பார்கள். நாங்கள் கையேட்டை வாங்கிப் படங்களைத் தள்ளிவிட்டு, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அட்டவணையைத் திறப்போம். கப்பல் எந்த ஊரில் எத்தனை மணிக்குக் கரையணைகிறது, எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்பது அங்கேதான் இருக்கும். நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது அந்த மணி நேரங்களைத்தான். வியன்னாவில் காலை எட்டு மணிக்கு வந்து அடுத்த நாள் இரவு கிளம்பும் கப்பலும், மதியம் வந்து இரவே கிளம்பும் கப்பலும் கையேட்டில் ஒரே மாதிரி "வியன்னா" என்றுதான் அச்சாகியிருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கையேட்டில் உள்ள ஊர்கள் எல்லாம் நதிக்கரையில் இருப்பவை அல்ல. செக் நாட்டுத் தலைநகரான பிராகா (பிராக்) டான்யூபில் இல்லை. அது வல்தாவா நதியின் ஊர். "பிராகாவிலிருந்து புடாபெஸ்ட் வரை" என்ற பயணத்தில் முதல் கட்டம் மூன்று, நான்கு மணி நேரப் பஸ் பயணம். சால்ஸ்பர்க்கும் அப்படியே. பாசாவிலிருந்தோ லின்ஸிலிருந்தோ காலையில் பஸ் ஏறிப் போய், மாலையில் திரும்பி வர வேண்டும். போகக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நாளில் பாதி நெடுஞ்சாலையில் கழியும் என்று தெரிந்து போங்கள். பிராகாவைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால், கப்பலுக்கு முன் இரண்டு இரவு அங்கே தனியாகத் தங்குவதே எங்கள் யோசனை.

எங்களிடம் அதிகம் கேட்கப்படுவது ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஹங்கேரியின் புடாபெஸ்ட் வரையிலான ஒரு வாரப் பயணம். நதிவழியில் ஏறத்தாழ 580 கிலோமீட்டர். கரையோரப் பலகைகளில் வரும் எண்கள் கருங்கடல் முகத்துவாரத்திலிருந்து எண்ணப்படுபவை. வியன்னா 1929-ஆவது கிலோமீட்டர், புடாபெஸ்ட் 1647-ஆவது. போகப் போக எண் குறைந்துகொண்டே வரும். குழந்தைகளுக்கு அதைப் பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு.

நதியைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறோம். கடலில் போகும் கப்பலுக்குப் புயல் என்றால் நதிக் கப்பலுக்கு நீர்மட்டம். தண்ணீர் குறைந்தால் அடி தட்டும். கூடினால் பாலத்தின் கீழ் நுழைய முடியாது. பாசாவுக்கு முன்னால், நதியின் மேல்போக்கில், ஸ்ட்ராபிங்குக்கும் பில்ஸ்ஹோஃபனுக்கும் இடையே அணை இல்லாத ஒரு பகுதி உண்டு. கோடை முற்றும்போது முதலில் சிக்கல் வருவது அங்கேதான். அதனால் ஆகஸ்ட், செப்டம்பரில் போகிறவர்களுக்கு அந்தப் பகுதியைக் கடந்து வர வேண்டிய, நியூரம்பர்கிலிருந்து தொடங்கும் பயணத்தை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பாசாவில் ஏறிக்கொள்ளுங்கள் என்போம். வெள்ளத்துக்கோ மாதக் கணக்கு கிடையாது. பாசா நகர மண்டபத்தின் சுவரில் பழைய வெள்ளங்களின் உயரத்தை ஆண்டோடு குறித்துவைத்திருக்கிறார்கள். 1501-க்கு அடுத்தபடியாக 2013 ஜூன் வெள்ளத்தின் கோடு இருக்கிறது. நீங்கள் அண்ணாந்துதான் அதைப் பார்ப்பீர்கள். 2024 செப்டம்பரில் ஆஸ்திரியாவில் வெள்ளம் வந்தபோது நதிப் போக்குவரத்தே நின்றுபோனது.

அப்படி நேர்ந்தால் கப்பல் நிறுவனம் உங்களைப் பஸ்ஸில் ஏற்றி, தடைக்கு அப்பால் நிற்கும் வேறொரு கப்பலுக்கு மாற்றும். அல்லது ஓட்டலில் தங்கவைக்கும். ஒப்பந்தத்தில் அதற்கு இடம் வைத்திருப்பார்கள். அந்தப் பத்தியை நாங்கள் உங்களுக்குத் தமிழில் விளக்கிச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவோம். "கப்பலில் போகலாம் என்று சொல்லிப் பஸ்ஸில் ஏற்றிவிட்டீர்களே" என்று பிறகு மனம் கசக்க வேண்டாம்.

கேபின் தேர்வில் வீண் செலவு செய்யாதீர்கள். பால்கனி இருந்தால் நாள் முழுவதும் நதியைப் பார்க்கலாம் என்று நினைக்கிறோம். ஆனால் பெரிய ஊர்களில் படகுத்துறையில் இடம் போதாமல் இரண்டு மூன்று கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுவார்கள். திரையை விலக்கினால் கையெட்டும் தூரத்தில் அடுத்த கப்பல்காரர் பல் துலக்கிக்கொண்டிருப்பார். கரைக்குப் போக அந்தக் கப்பலின் வரவேற்பறை வழியாகத்தான் நடக்க வேண்டும். நகரத்தில் இருக்கும்போது நீங்களும் அறையில் இருக்கப்போவதில்லை. ஓடும்போது மேல்தளம் எல்லோருக்கும் பொது. கீழ்த்தளக் கேபினில் ஜன்னலைத் திறக்க முடியாது. தண்ணீர் கண்ணுக்கு நேராக ஓடும். வெளிச்சம் குறைவே தவிர தூக்கத்துக்குக் குறைவில்லை. அங்கே மிச்சமாகும் பணத்தில் புடாபெஸ்டில் இரண்டு இரவு கூடுதலாகத் தங்கலாம். மூட்டு வலி உள்ளவர்கள் மட்டும் லிஃப்ட் எந்தத் தளம் வரை போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்; பல கப்பல்களில் அது கீழ்த்தளம் வரை இறங்குவதில்லை.

இனி ஊர்கள். வாகாவ் பள்ளத்தாக்கில், அதாவது மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் இடைப்பட்ட 36 கிலோமீட்டரில், கப்பல் பகலில் போகிறதா என்பதை அட்டவணையில் பாருங்கள். இந்தப் பயணத்தின் அழகான பகுதி இதுதான். 2000-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கல்லடுக்கிக் கட்டிய படிப்படியான திராட்சைத் தோட்டங்கள், ஆப்ரிகாட் பழத் தோப்புகள், பாறை உச்சியில் இடிந்த கோட்டைகள். இதை இரவில் கடக்கும் கப்பலும் இருக்கிறது. அதை நாங்கள் விற்பதில்லை. கிறிஸ்துமஸ் சந்தைக்காக டிசம்பரில் போகிறவர்கள் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஜூனில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும்.

மெல்க் மடம் 1089-இல் பெனடிக்ட் சபைத் துறவிகள் வந்து அமர்ந்த இடம். இப்போது பார்க்கும் மஞ்சள் மாளிகை 18-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அங்கே வழிகாட்டியோடு போவதே நல்லது. நூலக அறையில் என்ன இருக்கிறது என்று தானாகத் தெரியாது. ட்யூர்ன்ஸ்டைனில் வழிகாட்டி தேவையில்லை. ஒரே தெருதான் ஊர். சிலுவைப் போரிலிருந்து திரும்பிய இங்கிலாந்து மன்னன் ரிச்சர்டை 1192-இல் பிடித்து அடைத்துவைத்த கோட்டை மேலே இருக்கிறது. அரை மணி நேர ஏற்றம், கரடுமுரடான பாதை. செருப்போடு போகாதீர்கள்.

வியன்னாவில்தான் பெரும்பாலோர் நேரத்தை வீணாக்குகிறார்கள். காலையில் கப்பல் ஏற்பாடு செய்யும் பஸ் சுற்று. பழைய நகரைச் சுற்றி ஓடும் ரிங் சாலையின் கட்டடங்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்குத் திரும்புதல். சாப்பிட்ட களைப்பில் ஒரு தூக்கம். மாலையில் கூடுதல் கட்டணத்தில் சுற்றுலாக்காரர்களுக்கான கச்சேரி. வியன்னா முடிந்தது! மதியச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டியாயிற்றே என்று திரும்பி வருவதுதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிடுங்கள். கப்பல் ரைக்ஸ்ப்ருக்க பாலத்தருகே நின்றால் சிறிது தூர நடையில் ஃபோர்கார்ட்டன்ஸ்ட்ராஸ நிலையம். அங்கிருந்து யு1 மெட்ரோவில் நான்காவது நிறுத்தம் ஸ்டெபான்ஸ்பிளாட்ஸ், நகரத்தின் நடு மையம். கப்பல் நுஸ்டார்ஃப் துறையில் நின்றால் 'டி' (D) என்ற எழுத்துப் போட்ட டிராம் ரிங் சாலைக்குக் கொண்டுபோய் விடும். எந்தத் துறை என்பது பயணத்துக்குச் சற்று முன்புதான் உறுதியாகும். தெரிந்ததும் செய்தி அனுப்புவோம். மெட்ரோ டிக்கெட்டை நிலையத்தில் இருக்கும் சிறு பெட்டியில் செருகி முத்திரை போட்டுக்கொள்ள மறக்காதீர்கள். வாங்கியும் முத்திரை இல்லாவிட்டால் அபராதம்தான்.

ஒரு நாள்தான் என்றால் ஒரு பெரிய இடம் மட்டும் பாருங்கள். ஷோன்ப்ருன் அரண்மனையா, கலை வரலாற்று அருங்காட்சியகமா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அரண்மனைக்கு நேரம் குறித்த டிக்கெட் வேண்டும். அதை இங்கிருந்தே எடுத்துத் தருகிறோம். எங்களைக் கேட்டால் அருங்காட்சியகத்தைச் சொல்வோம். பிரைகல் என்ற பிளெமிஷ் ஓவியரின் படங்கள் உலகிலேயே அதிகமாக இருப்பது அங்கே ஒரு கூடத்தில். 1560-இல் அவர் தீட்டிய "குழந்தைகளின் விளையாட்டுகள்" முன்னால் ஒரு கால் மணி நேரம் நில்லுங்கள். இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஊர்த்தெருவை அடைத்துக்கொண்டு விளையாடுகிறார்கள். பச்சைக்குதிரை தாண்டுகிறவர்கள், வளையம் உருட்டுகிறவர்கள், பொய்க்கால் கட்டி நடக்கிறவர்கள். இடது கீழ்மூலையில் இரண்டு பெண் பிள்ளைகள் குனிந்து கற்களுக்குப் பதில் ஆட்டின் கணுவெலும்பைப் போட்டுப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அஞ்சாங்கல் ஆடி வளர்ந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. செப்டம்பரிலிருந்து மே வரை திங்கட்கிழமை இந்த அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. ஞாயிறு என்றால் கடைகள் அநேகமாக எல்லாம் பூட்டியிருக்கும். ஆகவே உங்கள் கப்பல் வியன்னாவில் எந்தக் கிழமை நிற்கிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

களைத்தால் ஒரு பழைய காப்பிக் கடையில் உட்காருங்கள். சிறு வெள்ளித் தட்டில் காப்பியோடு ஒரு தம்ளர் தண்ணீரும் வரும். ஒரு காப்பியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் எழுப்ப மாட்டார்கள். மாலையில் இசை வேண்டுமென்றால் அரசு ஓபரா அரங்கில் நின்று பார்க்கும் டிக்கெட் மலிவு. அங்கே ஜூலை, ஆகஸ்டில் நிகழ்ச்சி கிடையாது.

ஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராட்டிஸ்லாவாவுக்கு அரை நாள் போதும். படகுத்துறையிலிருந்து பழைய ஊருக்கு நடந்தே போகலாம். புனித மார்ட்டின் பேராலயத்தில்தான் 1563 முதல் 1830 வரை ஹங்கேரி மன்னர்கள் முடிசூடினார்கள். 1741-இல் மரியா தெரசாவும் இங்கேதான். அங்கிருந்து புடாபெஸ்ட் போகும் வழியில் காப்சிகோவோ அணையில் கப்பல் ஒரு பெரிய தொட்டிக்குள் நுழைந்து நிற்கும். கதவு மூடித் தண்ணீரை வெளியேற்றுவார்கள். மேல்தளத்துக்கு இணையாக இருந்த கான்கிரீட் சுவர் பாசியும் ஈரமுமாக உங்கள் தலைக்கு மேல் உயர்ந்துகொண்டே போகும். நள்ளிரவாக இருந்தாலும் எழுந்து பாருங்கள்.

புடாபெஸ்டுக்குள் கப்பல் எப்போது நுழைகிறது என்பது முக்கியம். விளக்கு எரியும் நேரத்தில் 96 மீட்டர் உயர நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால் கடந்து வருவதற்கும் காலை ஆறு மணிக்குத் தூங்கிக்கொண்டே வந்து சேர்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இரவில் ஓர் உலா உண்டா என்று கேட்டுச் சொல்கிறோம். மறுநாள் பெஸ்ட் (நகரின் கிழக்குப் பாதி) கரையோரம் ஓடும் 2-ஆம் எண் டிராமில் ஏறினாலே பஸ் சுற்று தேவைப்படாது. நாடாளுமன்றத்துக்குச் சற்றுத் தெற்கே, நதியோரக் கல்மேடையில் இரும்பில் வார்த்த 60 ஜோடிக் காலணிகள் இருக்கும். 1944-45-இல் யூதர்களைக் கரையில் நிறுத்தி, காலணிகளைக் கழற்றச் சொல்லிச் சுட்டு நதியில் தள்ளியதன் நினைவு. அங்கே நின்று சிரித்தபடி படம் எடுக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

வெந்நீர்க் குளியலுக்குச் செச்சேனி குளியலகத்துக்குப் போங்கள். 1896-இல் திறந்த சிறிய மெட்ரோ ரயில், எம்1, வாசலிலேயே இறக்கிவிடும். நீச்சலுடை, துண்டு, ரப்பர் செருப்பு மூன்றையும் கொண்டுபோக வேண்டும். கெல்லேர்ட் குளியலகம் சீரமைப்புக்காக 2025 அக்டோபரில் மூடப்பட்டது. பழைய கையேடுகள் இன்னும் அதன் படத்தைப் போடுகின்றன. ஹங்கேரியின் நாணயம் ஃபோரிண்ட். கார்டு இயந்திரம் யூரோவா ஃபோரிண்டா என்று கேட்டால் ஃபோரிண்டையே அழுத்துங்கள். யூரோவை அழுத்தினால் மாற்று விகிதத்தில் உங்கள் பணம் போகும்.

சாப்பாடு. சைவம் என்பதை இப்போதே எழுதிக் கொடுங்கள். கப்பல் ஏறிய பிறகு சொன்னால் பாஸ்தாவும் சாலடும்தான் கிடைக்கும். முட்டை, மீன் உண்டா இல்லையா என்று தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். காய்கறி சூப் என்று வருவதிலும் எலும்புச் சாறு இருக்கலாம், கேட்டுக் குடியுங்கள். புடாபெஸ்டில் லாங்கோஷ் என்று பொரித்த ரொட்டியில் பூண்டும் புளிப்புப் பாலேடும் பாலாடைக்கட்டியும் போட்டுத் தருவார்கள். சைவர்களுக்கு வயிறு நிறையும். எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விசாவுக்கு ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) விதிப்படி, அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பாசா முதல் புடாபெஸ்ட் வரை அது ஆஸ்திரியாவாகவும் இருக்கலாம், கூடுதல் இரவுகளைச் சேர்த்தால் ஹங்கேரியாகவும் மாறலாம். அதனால் ஓட்டல் இரவுகளை முடிவு செய்யாமல் விசா நேரம் வாங்காதீர்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. பெல்கிரேடு வரை போகும் கப்பல் என்றால் செர்பியா ஷெங்கனுக்கு வெளியே. திரும்பி உள்ளே வர, பல முறை நுழையும் விசா கட்டாயம்.

கப்பல் ஏறும் நாளிலேயே விமானத்தில் போய் இறங்காதீர்கள். பெட்டி ஒரு நாள் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. கரையில் இறங்கும்போது அன்றைய துறையின் பெயரும் தொலைபேசி எண்ணும் அச்சிட்ட சீட்டு தருவார்கள். அதை அறையில் வைத்துவிட்டு வராதீர்கள். நேரம் தவறிவிட்டால் பதற வேண்டாம். வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்தான். கப்பலுக்கு முன்பே போய்ச் சேர்ந்து நிற்கலாம்.

விருப்பமுள்ளவர்கள் போக நினைக்கும் மாதம், பயணிகளின் வயது, உணவு விவரம், கடவுச்சீட்டு காலாவதியாகும் நாள் ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். இரண்டு மூன்று கப்பல்களின் அட்டவணையைப் பக்கத்தில் பக்கமாக வைத்து, எந்த ஊரில் எத்தனை மணி நேரம் என்று குறித்து அனுப்புகிறோம். அதைப் பார்த்த பிறகு முன்பணம் கட்டினால் போதும்.

அன்புடன்,
உங்கள் பயண அலுவலகத்தார்