அந்த 14 நாட்கள் யார் கணக்கில்?

அலுவலகப் பயணங்களுக்கு ஒப்புதல் தரும் நிறுவனத் தலைவர்களுக்கும் மனிதவளத் துறையினருக்கும்,

வணக்கம். மாதத்தில் பாதி நாள் வேலைக்காக வெளிநாடுகளில் இருந்தவன் நான். கோவிட் காலத்திலும் என் பயணங்கள் முழுதாக நிற்கவில்லை. வீடியோ காலில் பழுது பார்க்க முடியாத இயந்திரங்கள் என் பொறுப்பில் இருந்தன, போகத்தான் வேண்டும். போனதில் வருத்தமில்லை. அந்த நாட்களை அலுவலகம் எண்ணிய விதம்தான் இன்னும் மனதை உறுத்துகிறது.

படிவத்தில் 3 நாள் வேலை என்று இருக்கும். கிளம்புவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் பிசிஆர் சோதனை எடுக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்டன. முடிவு வரும்வரை பெட்டி பாதி கட்டியபடி கிடக்கும். போய் இறங்கினால் பல இடங்களில் 14 நாள் தனிமை. ஹாங்காங்கில் 2020 டிசம்பர் கடைசியில் அது 21 நாளானது. ஊர் திரும்பினால் மறுபடியும் தனிமை. அந்த 3 நாள் வேலை ஒரு மாதத்தை விழுங்கிவிடும்.

எனக்கு அதிகம் வலித்தது கடைசிப் பகுதிதான். சொந்த வீட்டு மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பேன். மனைவி தட்டை வாசலில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிய பிறகுதான் கதவைத் திறப்பேன். மகள் படிக்கட்டில் உட்கார்ந்து கதை சொல்வாள். அவள் அழுதால் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். லேசாக இருமல் வந்தாலும், கீழே இருக்கும் அம்மாவுக்கு என்னால் ஏதாவது ஆகிவிடுமோ என்று ராத்திரியெல்லாம் தூக்கம் வராது. அந்த நாட்களில்தான் மேலாளரிடமிருந்து செய்தி வரும்: "வீட்டில்தானே இருக்கிறீர்கள், மீட்டிங்கில் சேர்ந்துவிடுங்கள்." காலையில் ஒரு நாட்டோடு, நள்ளிரவில் இன்னொரு நாட்டோடு. பயணப் படியும் கிடையாது, ஓய்வும் கிடையாது. அவர் நல்ல மனிதர். ஆனால் அந்த நாட்களுக்கு என்ன பெயர் என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை.

வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சொன்னதை நீங்களும் படித்திருப்பீர்கள். விமானத்தில் போன நேரத்தையும் தனிமை அறையில் பார்த்த வேலையையும் சேர்த்துப் பாருங்கள், எங்களில் பலர் அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டியிருப்போம்.

தியான வகுப்புக்கு ஏற்பாடு செய்தீர்கள், நன்றி. அதற்கு முன்னால் தனிமை நாட்களைப் பயண நாட்களாகவே எண்ணுங்கள், படியும் கொடுங்கள். திரும்பியவருக்கு உடம்பு பழைய நேரத்துக்கு வரும்வரை மீட்டிங் வைக்காதீர்கள். அப்புறம், வீட்டில் முதியவரோ நோயாளியோ இருப்பவர் "இந்த முறை என்னால் முடியாது" என்றால், அது வருடாந்திர மதிப்பீட்டில் எதிரொலிக்கக் கூடாது. அந்தப் பயத்தில்தான் எங்களில் பலர் வாய் திறக்கவில்லை.

அடுத்த பெருந்தொற்றுக்கான ஒப்பந்தத்தை உலக நாடுகள் 2025 மே மாதம் ஏற்றுக்கொண்டன. நீங்களும் உங்கள் பயண விதிமுறையை இப்போதே எடுத்துப் பாருங்கள். 'பயணம் முடியும் நாள்' என்ற இடத்தில் விமானம் இறங்கும் தேதி இருக்கும். அதை அடித்துவிட்டு, பயணி தன் வீட்டாரோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட முடிகிற தேதியை எழுதுங்கள்.

அன்புடன்,
உங்களுக்காகப் பயணம் செய்த ஒருவன்